பூட்டியிருப்பது முன்வாசல் மட்டும்

"அகதிக்கெல்லாம் வேலை கொடுத்தா நம்ம பிள்ளைங்களுக்கு என்ன மிஞ்சும்?" பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இது அடிக்கடி காதில் விழும் கேள்வி. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கேள்விதான் தப்பு.

மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்ற பிரிவே கிடையாது. ஐ.நா. அகதிகள் அமைப்பில் இங்கே பதிந்தவர்கள் 180,000-க்கும் மேல். பெரும்பாலோர் மியன்மார்க்காரர்கள், இலங்கைத் தமிழரும் உண்டு. யூஎன் கார்டு கையில் இருந்தாலும் சட்டப்படி வேலை செய்ய முடியாது.

அப்போ வாடகை யார் கட்டுறது? வேலை செய்யத்தான் செய்கிறார்கள். கட்டுமானத் தளத்தில், சந்தையில், சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில். அங்கே சர்டிபிகேட் கேட்க மாட்டாங்க; சம்பளச் சீட்டும் தர மாட்டாங்க. கூலியைப் பிடித்துக்கொண்டால் புகார் கொடுக்கவும் பயம், தானே பிடிபட்டுவிடுவோமே என்று.

ஆக, இந்தத் தடை வேலையைத் தடுக்கவில்லை. படிப்புக்கேற்ற வேலையை மட்டும் தடுக்கிறது. ஒரு தாதியை, ஆசிரியரை, பொறியாளரை, இபிஎஃப், சொக்சோ கட்டி ஒழுங்காக நடக்கும் நிறுவனம் எடுக்க முடியாது. ஒளித்து வேலை வாங்கும் முதலாளிதான் எடுப்பார், அதுவும் மூட்டை தூக்க. நம் பிள்ளைகளின் சம்பளத்தைக் கீழே இழுப்பது அந்த ஆள் இல்லை, அவரை மலிவாக்கிய சட்டம்.

2024-இல் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டத்தில் 60,000 மலேசியப் பொறியாளர்களைப் பயிற்றுவிப்பது இலக்கு. நல்லது, நடக்கட்டும். ஆனால் படித்து வந்தவரைத் தட்டு கழுவ விட்டுவிட்டு, ஆள் பற்றவில்லை என்று புலம்பினால் எப்படி?

முடியாத காரியமும் இல்லை. 2015-இல் 3,000 சிரியர்களை ஏற்பதாக அறிவித்து, அந்தத் திட்டத்தில் வந்தவர்களுக்கு வேலை செய்யவும் பாஸ் கொடுத்தார்கள். 2018 தேர்தல் அறிக்கையில் பக்காத்தான் ஹராப்பான் அகதிகளுக்கு வேலை உரிமை தருவதாக எழுதியது. ஜெயித்து 22 மாதம் ஆண்டது, செய்யவில்லை.

நமக்கு, தமிழர்களுக்கு, இதில் கூடுதல் வெட்கம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்தவர்களை ரயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் எடுத்துக்கொண்டது இதே மலாயா. இன்று அதே ஊரிலிருந்து உயிர் தப்பி வருபவரின் படிப்பு ஒரு காசு பெறாது.

பதிவு செய்யுங்கள், பாதுகாப்புச் சோதனை நடத்துங்கள், தகுதியைச் சரிபாருங்கள். அப்புறம் வேலை அனுமதி கொடுத்து வரி வாங்குங்கள். இதைக் கருணை என்று யாரும் சொல்ல வேண்டாம். கணக்கு என்றே சொல்லலாம்.