ஒருவர் படிக்க, பலர் கேட்க

கோயில் பிராகாரத்தில் சந்தித்துக்கொள்ளும் முதியவர்கள் ஒருவரையொருவர் வழக்கமாகக் கேட்பவை இரண்டு. சர்க்கரை எவ்வளவு என்பது ஒன்று. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை சொன்னபின் பேச்சு நின்றுவிடும். மூன்றாவதாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: “இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?” முகம் மலரும்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் இருப்பது எங்கள் கச்சிராயபாளையம். இங்கே பிரதோஷ வழிபாடு முடிந்து மண்டபத்தில் அமர்பவர்களிடம் இக்கேள்வியைச் சில மாதங்களாகக் கேட்டு வருகிறேன். நாள்தோறும் செய்யும் பாராயணத்தைப் பற்றி அன்று. எவரும் சொல்லாமல், மனம் விரும்பிக் கையில் எடுக்கும் நூலைப் பற்றியே கேட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ‘பொன்னியின் செல்வ’னை நான்காம் முறையாகப் படிக்கிறார். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தபோது, அவருடைய தாயார் வாரந்தோறும் பக்கங்களைச் சேர்த்துத் தைத்துக் கட்டி வைத்திருந்தாராம். 2022-இலும் 2023-இலும் அக்கதை திரைப்படமாக வந்தபின், “தாத்தா, நந்தினி உண்மையில் யார்?” என்று பேரன் கேட்கத் தொடங்கினான். இப்போது ஒரே நூலில் இரண்டு அடையாளத் தாள்கள். பேரனுடைய தாள் தம்முடையதை முந்திவிட்டது என்று ஆசிரியருக்குச் சற்றுக் குறை.

ஓர் அம்மையார் படிப்பது ‘தெய்வத்தின் குரல்’. காஞ்சிப் பெரியவரின் உரைகளை ரா. கணபதி ஏழு பகுதிகளாகத் தொகுத்த நூல். அவர் அதனை வரிசையாகப் படிப்பதில்லை. திறந்த பக்கத்தில் தொடங்குகிறார். “மத்தியான வேளையில் வீட்டில் பேச ஆளில்லை. பெரியவர் பேசுகிறார், கேட்கிறேன்” என்றார்.

பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமக’னைக் கைவிடுவதில்லை. 1958-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் அது. இன்னொருவர் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தில் ஆழ்ந்திருக்கிறார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அப்பெரியவர் தம் முதுமையில் 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் எழுதி வந்த வரலாறு, 1942-இல் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாமலே நின்றது. கடைசிப் பக்கம் நெருங்க நெருங்க நம் நண்பர் வேண்டுமென்றே மெல்லப் படிக்கிறார்.

மின்வாரியத்தில் பணியாற்றியவர் ஒருவரின் கையில் நூல் இல்லை, கைப்பேசி இருந்தது. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாள்தோறும் இணையத்தில் எழுதி, மகாபாரதத்தை 26 நாவல்களாக விரித்த ‘வெண்முரசு’ அதில் ஓடிக்கொண்டிருந்தது. “எழுத்தை விரலால் பெரிதாக்கிக் கொள்ளலாம், சார். அச்சுப் புத்தகம் இந்த உபகாரம் செய்யுமா?” என்று கேட்டார்.

இவர்களுள் எவரும் புண்ணியத்துக்காகப் படிப்பதாகச் சொல்லவில்லை. ஓர் அம்மையார் மட்டும், “ஜபம் பாக்கியிருக்கக் கதை படிப்பது தவறா?” என்று வினவினார். தவறென்று எனக்குத் தோன்றவில்லை. இராமன் காட்டுக்குப் போகுமிடத்தில் கண் கலங்குவதும், அனுமன் கடலைத் தாண்டுமிடத்தில் உடல் சிலிர்ப்பதும் கதையின் சுவையால் நேர்பவைதாமே? அந்தச் சுவை வழியாகத்தான் நம்மில் பெரும்பாலோர் பக்திக்குள் நுழைந்தோம்.

எல்லாரிடமும் மலர்ச்சி கண்ட எனக்கு ஒருவருடைய விடை மட்டும் உறுத்தியது. பல ஆண்டுகளாக வாரம் இரண்டு நூல்கள் படித்து வந்த மூதாட்டி அவர். “படிப்பதை விட்டுவிட்டேன்” என்றார். சலிப்பா என்று கேட்டேன். “எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது” என்றார். மகனிடம் சொல்லவில்லையாம். “அவன் வேலைக்கு விடுப்புப் போட வேண்டும், செலவாகும், எதற்கு?” என்பது அவர் கணக்கு.

வங்கியில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் சொல்கிறேன், இது தவறான கணக்கு. கண்புரைதான் காரணம் என்றால், மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தும் அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. ஆனால் எல்லா மங்கலும் புரையன்று. கண்ணழுத்த நோயாலும், நீரிழிவு விழித்திரையைத் தாக்குவதாலும் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை; எஞ்சியதைக் காக்கவே மருத்துவம். ஆகையால் “வயதானால் அப்படித்தான்” என்று இருந்துவிடாமல், பிள்ளைகளிடம் சொல்லி உடனே கண்ணைக் காட்ட வேண்டும். நம் பேச்சைக் கேட்டு அந்த மூதாட்டியும் மகனிடம் சொல்லிவிட்டார். ஒரு கண்ணில் புரை. அதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். மற்றொன்றில் விழித்திரை கெட்டிருக்கிறது; அது தேறுவது அரிது என்று மருத்துவர் கூறினாராம்.

கண் முற்றும் தேறாதவர்களுக்கு என்ன வழி? அதற்கும் நம் நடுநாட்டிலேயே விடை இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதம் படிப்பதையும், இரவில் தெருக்கூத்து நடப்பதையும், இறுதியில் படுகளமும் தீமிதியும் நிகழ்வதையும் அறியாதவர் இப்பகுதியில் உண்டோ? ஒருவர் வில்லிபாரதச் செய்யுளைப் பாட, பிரசங்கியார் பொருள் விரிப்பார். வில்லிபுத்தூரார் வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் என்னும் தலைவனின் ஆதரவில் பத்துப் பருவங்களாகப் பாடிய அந்நூலை, எழுத்தறியாத உழவர்களும் வரி வரியாக அறிந்திருந்தார்கள். அவர்கள் கண்ணால் படிக்கவில்லை; காதால் படித்தார்கள்.

திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனாரையும் இங்கே நினைக்கலாம். ஆகம நூல் கொண்டுவந்ததாகச் சொன்னவனை ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து கேட்கத் துணிந்தவர் அம்மன்னர். வந்தவன் ஏட்டுக்கட்டில் வாளை மறைத்துவந்த பகைவன் என்பது நாம் அறிந்த கதை. நூலைக் கேட்க ஓர் அரசர் காட்டிய ஆர்வமும் பணிவும் அதனால் குறைந்துவிடுமா?

ஆகவே எங்கள் மண்டபத்தில் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். மாலையில் விளக்கேற்றுவதற்கு முன் அரைமணி நேரம் ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். முதல் நூல் ‘சக்கரவர்த்தித் திருமகன்’. அத்தியாயங்கள் சிறியவை, மொழி எளியது. படிப்பவர் நம் நடத்துநர்தாம். பேருந்தில் நிறுத்தங்களின் பெயரைக் கூவிப் பழகிய குரல் கடைசித் தூண் வரை கேட்கிறது. குகன் வருமிடத்தை இன்னொரு முறை படிக்கச் சொல்லி அந்த மூதாட்டி கேட்டார். அவரும் மறுக்காமல் படித்தார். அன்று விளக்கேற்றச் சிறிது தாமதமாயிற்று. குருக்கள் கோபிக்கவில்லை, அவரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புத்தகம் வாங்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்தி வருகிறோம். வைப்புத் தொகையைக் கட்டிவிட்டுக் கணக்கையே எட்டிப் பாராத வாடிக்கையாளர்களை வங்கியில் நிறையக் கண்டிருக்கிறேன். நூலக விஷயத்தில் நம்மில் பலர் அப்படித்தான். அருகிலுள்ள கிளை நூலகத்தில் உறுப்பினராகி, பெரிய எழுத்தில் அச்சிட்ட நூல்கள் உண்டா என்று கேளுங்கள்.

வாசக அன்பர்கள் தத்தம் ஊர்க் கோயிலில் இரண்டு பேரை வைத்துக்கொண்டாவது இதனைத் தொடங்கலாம். ஒருவர் பார்வை தெளிவாக உள்ளவராக இருத்தல் போதும். எந்த நூல் என்பதைக் கேட்பவர்கள் முடிவு செய்யட்டும். படிப்பவர் முடிவு செய்ய வேண்டாம்.