ராஜிநாமாக் கடிதம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர் ஒருவர் தம் மனைவியுடன் வீட்டுக்கு வந்தார். சர்க்கார் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர், வயது முப்பத்தாறுதான். காப்பி வந்தது. டம்ளரை அவர் எடுக்கவில்லை. அந்த அம்மாள் டவராவில் நன்றாக ஆற்றி, டம்ளரில் பாதி மட்டும் ஊற்றி, அவருடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொருத்தி வைத்தாள். நான் இதையெல்லாம் கவனிக்காதவன்போல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாகரிகம் என்று நாம் எண்ணிச் செய்யும் பல காரியங்கள் இப்படித்தான் அசட்டுத்தனமாக முடிகின்றன.

காப்பி ஆனதும் அவர் தமது சட்டைப் பையைக் கண்ணால் காட்டினார். அம்மாள் அதிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்யும் கடிதம். மகளை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்.

"பாஷை சரியாயிருக்கிறதா என்று நீங்கள் ஒரு தரம் பார்த்துக் கொடுக்கவேண்டும்" என்றார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சதை சிறிது குழிந்தது. சாக்குக்கட்டி நழுவியது. பிறகு இடது கை. பிறகு காது சற்று மந்தமாயிற்று. ஊரிலுள்ளோர் சொன்ன தைலங்களிலும் லேகியங்களிலும் இரண்டு ஜோடி வளையல்கள் கரைந்துபோன பின்னர், சென்னைக்குச் சென்று நரம்பு வைத்தியர்களிடம் காட்டினார்கள். வைத்தியர்கள் தசைகளில் மின்சாரப் பரீட்சை செய்து பார்த்து, இயக்க நரம்பணுக்களைப் பற்றிய வியாதி என்றும், மெள்ள மெள்ள நடக்கும் வகை என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பணுக்கள் தபால்காரர்களைப் போன்றவை. அந்தத் தபால்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்துபோவதே இந்த வியாதி. கடிதம் கிடைக்காத தசை வேலையின்றி மெலிகிறது. புத்தியும் பார்வையும் தொடு உணர்ச்சியும் பெரும்பாலும் பழுதுபடுவதில்லை. இது சௌகரியமா, சங்கடமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதன் கடுமையான வகையைப் பற்றியே உலகம் அதிகம் பேசுகிறது. அமெரிக்கப் பேஸ்பால் வீரர் லூ கெஹ்ரிக்குக்கு 1939-ஆம் வருஷம் வியாதி இன்னதென்று தெரிந்தது, 1941-ல் காலமாகிவிட்டார். ஆனால் மெதுவான வகைகளும் உண்டு. அவற்றில் ஒன்று நம்முடைய பட்டணத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது! மதராஸ் துணி கடல் கடந்தது; கண் சிவந்தவனை வடக்கத்தியார் கூட 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். அவ்வாறே நரம்பு வைத்திய நூல்களில் 'மதராஸ் இயக்க நரம்பணு நோய்' என்று ஒன்று இருக்கிறது. 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி என்ற மூன்று சென்னை வைத்தியர்கள் இதனை முதலில் விவரித்து எழுதினார்கள். இளவயதிலேயே தொடங்கும், கைகால்கள் மெலியும், முகத்திலும் தொண்டையிலும் தசைகள் தளரும், பலருக்குக் காது மந்தப்படும். தென்னிந்தியாவில்தான் பெரும்பாலும் காணப்படுகிறது. காரணம் இன்னும் துலங்கவில்லை. ஆனால் இந்த வியாதிக்கு அவசரமில்லை. வந்தவர்கள் பல்லாண்டு வாழ்கிறார்கள். நண்பருக்கு வந்திருப்பது இதுவாக இருக்கலாம் என்று வைத்தியர்கள் அபிப்பிராயப்பட்டார்கள்.

"அவசரமில்லாத வியாதிக்கு இவ்வளவு அவசரமாக ராஜிநாமாவா?" என்று கேட்டேன்.

"கரும்பலகையில் எழுத முடியாதவன் வாத்தியாரா? மாடிப்படி ஏறுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. பையன்கள் சிரிப்பதில்லை, அதுதான் தாங்கவில்லை" என்றார்.

நான் உடனே, இத்தகைய சந்தர்ப்பங்களில் எல்லோரும் சொல்லுவதைச் சொன்னேன். ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பாரும் என்றேன். கணித ஆசிரியரிடம் ஹாக்கிங்கைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். அவருக்கு லேசாகக் கோபம் வந்தது.

"அவர் மகா மேதை. மனோதிடத்தால் வாழ்ந்தார். நான் ஒன்பதாம் வகுப்புக்கு முக்கோணம் கற்பிக்கிறவன்" என்றார்.

இந்த வார்த்தைதான் என்னை இதை எழுதத் தூண்டியது. ஹாக்கிங்கின் கதையை நாம் எல்லோருமே தவறாகப் படித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1963-ல், இருபத்தொன்று முடிந்த சமயத்தில், அவருக்கு வியாதி இன்னதென்று சொன்னார்கள். இரண்டு வருஷமே ஆயுள் என்றார்கள். 2018 மார்ச்சு 14 அன்று, எழுபத்தாறாவது வயதில், காலமானார். இடையில் ஐம்பத்தைந்து வருஷங்கள்! மனோதிடம் இருந்தது, சந்தேகமில்லை. வியாதி தன் விஷயத்தில் மெதுவாக நடந்ததும் ஒரு பாக்கியம்; அது அவருடைய கையில் இருந்த காரியமல்ல. ஆனால் அந்த வருஷங்களை வேலை செய்யும் வருஷங்களாக ஆக்கியவை எவை? தரைத்தளத்து வீடு, மின்சார நாற்காலி, உடன் தங்கிய மாணாக்கர்கள், இரவு பகலாக இருந்த செவிலியர், ஒரு யந்திரம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மனைவி.

1965-ல் அவர் ஜேன் என்ற பெண்மணியை மணந்தார். மணம் செய்துகொள்ள உத்தியோகம் வேண்டும், உத்தியோகத்துக்கு ஆராய்ச்சியை முடிக்கவேண்டும் என்ற எண்ணமே தம்மை எழுப்பி உட்காரவைத்தது என்று அவரே பின்னால் கூறியிருக்கிறார். ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார நெடுநாள் சம்மதிக்கவில்லை. மாடிப்படியைக் கையால் பற்றி, உடம்பை இழுத்துக்கொண்டு தாமே ஏறுவார். இதைப் படிக்கும்போது நாம் கை தட்டுகிறோம். வீட்டிலே சின்னஞ்சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு, வெளி உதவி எதுவும் வேண்டாமென்ற கணவருக்கு ஊட்டி, உடுத்தி, தூக்கி உட்காரவைத்தவளுக்கு யார் கை தட்டினார்கள்? அந்த அம்மாளும் படித்தவள். ஸ்பெயின் தேசத்துப் பழங்கவிதையில் ஆராய்ச்சி செய்தவள். பல வருஷங்கள் இழுத்து இழுத்து 1981-லேதான் டாக்டர் பட்டம் பெற்றாள்.

1974-ல் கலிபோர்னியாவுக்குப் போனபோதுதான் ஒரு மாறுதல். அங்கே அவருக்கு மின்சார நாற்காலி கிடைத்தது. ஆராய்ச்சி மாணாக்கர் ஒருவரை வீட்டிலேயே தங்கவைத்து, தங்க இடம் கொடுத்து, பதிலுக்கு உதவி பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் தொடங்கியது. நம் நாட்டுக் குருகுலமேதான். கேம்பிரிட்ஜ் திரும்பிய பின்னரும் அது நீடித்தது. கையால் சமீகரணம் எழுத முடியாமற் போனதால் உருவங்களாகவே எண்ணிப் பார்க்கப் பழகினார். 1970-ல், மகள் லூசி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தபோது, படுக்கைக்குப் போகும் சமயத்தில்தான் கருந்துளைகளைப் பற்றிய முக்கியமான ஒரு யோசனை அவருக்கு உதித்ததாம். சட்டையைக் கழற்றிப் படுப்பதற்கே வெகு நேரம் பிடிக்குமாதலால் சிந்திக்க நிறைய அவகாசம் இருந்ததாம்!

1985-ல் ஜெனீவாவில் கடும் நிமோனியா. சுவாச யந்திரத்தை நிறுத்திவிடலாமா என்று வைத்தியர்கள் கேட்டபோது ஜேன் மறுத்துவிட்டாள். தொண்டையில் துளையிட்டார்கள்; உயிர் தங்கியது, பேச்சு போயிற்று. சில காலம் ஒருவர் எழுத்துக்களைக் காட்ட, சரியான எழுத்து வந்ததும் இவர் புருவத்தை உயர்த்துவார். பிறகு, கலிபோர்னியாவில் வால்ட் வோல்டோஸ் என்பவர், இதே வகை வியாதியால் துன்புற்ற தம் மாமியாருக்காக அமைத்திருந்த கம்ப்யூட்டர் ஏற்பாடு இவருக்கு வந்தது. செவிலியர் ஒருவரின் கணவரான டேவிட் மேஸன் என்ற என்ஜினீயர் அதை நாற்காலியில் பொருத்திக் கொடுத்தார். நிமிஷத்துக்குப் பதினைந்து வார்த்தைகள். கடைசிக் காலத்தில், விரலும் ஓய்ந்த பின்னர், கன்னத்துத் தசையின் அசைவால் நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு வார்த்தைகளே வந்தன. செவிலியர் செலவுக்கு ஓர் அமெரிக்க தர்ம ஸ்தாபனம் கைகொடுத்தது. 1988-ல் அவருடைய காலத்தைப் பற்றிய புஸ்தகம் வெளிவந்து ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தப் புஸ்தகத்தின் மேலட்டையில் ஆசிரியராக ஒரு பெயர்தான் இருக்கிறது. அட்டை சிறியது, என்ன செய்வது!

ஒருவேளை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். 2001 ஜனவரியில் அவர் நம் தேசத்துக்கு வந்திருந்தார். தமது ஐம்பத்தொன்பதாவது பிறந்த நாளை பம்பாயில் கொண்டாடினார். டில்லியில் குதுப் மினாரையும் ஜந்தர் மந்தரையும் அவர் பார்ப்பதற்காகத் தொல்பொருள் இலாகாவினர் மரத்தால் சாய்தளம் போட்டுக் கொடுத்தார்கள். விருந்தாளியை உபசரிப்பதில் நமக்கு ஈடில்லை; பெருமைதான். ஆனால் அந்தக் கட்டிடங்கள் நின்ற நூற்றாண்டுகளில் இந்த நாட்டிலேயே பிறந்து, நடக்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாலு பலகை கிடைக்காமற் போனதேன்? சுதேசியம் பேசுகிற நாம் இதற்கு வெள்ளைக்காரன்மேல் பழி போட முடியாது.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேசியது அந்த அம்மாள்தான்.

"அண்ணா, காலையில் நாலரை மணிக்கு எழுந்திருக்கிறேன். இவரைக் குளிப்பாட்டி, பித்தான் போட்டு, ஊட்டி அனுப்பிவிட்டு, நான் தையல் கடைக்குப் போகவேண்டும். தம்பி பிள்ளை காலையில் வந்து ஒத்தாசை செய்கிறேன் என்கிறான். இவர்தான் வேண்டாமென்கிறார்."

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீர் மனோதிடம் என்று சொன்னீரே, அது இந்த அம்மாளுடைய கணக்கிலல்லவா பற்று எழுதப்பட்டிருக்கிறது?" என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு காகிதம் எடுத்து, செய்ய வேண்டியவற்றைப் பேசினோம். முதலாவது, அந்த ராஜிநாமா கூடவே கூடாது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இருபதாவது பிரிவு, சர்க்கார் வேலையிலிருக்கும்போது அங்கம் தளர்ந்த ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியில் தாழ்த்தவோ கூடாதென்கிறது. இருக்கும் வேலை இயலாவிட்டால், அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை. அதுவும் உடனே இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும் வயதுவரை உபரியாக ஒரு ஸ்தானம் ஏற்படுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். தாமாகவே எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறவரை எந்தச் சட்டம் காப்பாற்றும்? ஆகவே, விண்ணப்பத்தைத் திருப்பி எழுதினோம்: வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரவேண்டும், பலகையில் எழுத மாணாக்கன் ஒருவனை வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.

மற்றவை வீட்டுக் காரியங்கள். கரண்டிப் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்குவது, வாசற்படியில் சாய்தளம் போடுவது ஆகியவை ஒரு தச்சனும் ஒரு நாளும் இருந்தால் முடியும். குரல் நன்றாயிருக்கும்போதே பாடங்களையெல்லாம் பதிவு செய்துகொள்ளச் சொன்னேன். தொண்டை தளர்ந்தால், அந்தப் பதிவைக்கொண்டு அவருடைய சொந்தக் குரலிலேயே யந்திரத்தைப் பேசவைக்க இப்போது வழியிருக்கிறது. ஹாக்கிங்குக்கு அந்த வசதி இல்லை. பேச்சு போன பின்னர் கடைசிவரை யந்திரத்தின் அமெரிக்க உச்சரிப்பிலேயே பேசினார். தேகப் பயிற்சி செய்யலாம், களைத்துப்போகும்வரை கூடாது. காலையில் எழுந்ததும் தலைவலி வருமானால் இரவில் சுவாசம் போதவில்லை என்பதற்கு அது அறிகுறியாயிருக்கலாம். அசட்டையாயிராமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். சாப்பிடும்போது புரையேறினாலும் அப்படியே. இவையெல்லாம் உடனே வருமென்பதில்லை. வந்த பிறகு ஏற்பாடு தேடுவதைக் காட்டிலும், வருமுன் தேடினால் வீட்டில் யாராவது ஒருவராவது தூங்கலாம்.

மைத்துனர் மகன் விஷயம் அன்று முடிவாகவில்லை. "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்றுத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஹெட்மாஸ்டர் வகுப்பைக் கீழே மாற்றிவிட்டாராம். அந்தப் பையன் இப்போது காலையில் வருகிறானாம். வாரத்தில் நாலு நாள் மட்டும். பாக்கி மூன்று நாளைக்கு அம்மாள் நாலரை மணிக்கே எழுந்திருக்கிறாள். பலகையில் எழுத அமர்த்திய மாணாக்கன் மீது அவருக்கு நிறையக் குறை.

"அவன் வரைகிற வட்டத்தைப் பார்த்தால் வெள்ளரிக்காய் தோற்றுப்போகும்! பன்னிரண்டு வருஷம் நான் கவராயம் இல்லாமலே வட்டம் போட்டவன்..." என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் அந்தப் பையனைத் திட்டினார். நான் குறுக்கே பேசவில்லை.