கைதட்டல் முடிந்த பிறகு: தர்ஜினி சிவலிங்கத்தின் பயணம் எமக்குச் சொல்வது

களுதாவளையில் வெயில் தாழ்ந்த பிறகுதான் மைதானத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள். ஒரு பக்கம் கரப்பந்து, இன்னொரு பக்கம் வலைப்பந்து. வலைப்பந்துக் கம்பத்தில் வளையம் இருக்கிறது, வலை இல்லை. பந்து உள்ளே விழுந்ததா வெளியே போனதா என்று ஒவ்வொரு முறையும் ஒரு சின்னச் சண்டை நடக்கும்.

அங்கே உயரமான ஒரு பிள்ளை இருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மாகாண மட்டம்வரை பாடசாலைக்காக விளையாடியிருக்கிறாள். பரீட்சை முடிந்ததும் விளையாட்டை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "விளையாடி என்ன செய்யிற அக்கா?" என்று திருப்பிக் கேட்டாள்.

2025 செப்ரெம்பர் 1 ஆம் திகதி யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். வடக்கின் இளைஞர்களுக்குப் புதிய கதவு திறக்கிறது என்று பேசப்பட்டது. 1990 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கும் தீவு அது. சுற்றுச்சூழல் பற்றிய கேள்விகளும் எழுந்தன. அவை எல்லாம் பேசப்பட வேண்டியவை. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி அவற்றுக்குள் எங்கும் இல்லை. மைதானம் வரும், அதில் விளையாடுபவருக்கு வாழ்வு எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, எம்மிடமிருந்து உலக அரங்குவரை போன ஒருவரின் பயணத்தைப் பார்ப்பது உதவும்.

305 சென்ரிமீற்றர் வளையம், 208 சென்ரிமீற்றர் உயரம்

தர்ஜினி சிவலிங்கம் 1979 இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்தவர். இடப்பெயர்வும் குண்டுவீச்சும் நாளாந்த விடயமாக இருந்த காலத்தில் வளர்ந்தவர். மட்டக்களப்பு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதால் எங்கள் பக்கத்தவர்களும் அவரை ஓரளவு உரிமையோடு பேசுவதுண்டு.

அவரது உயரம் சுமார் 208 சென்ரிமீற்றர். வலைப்பந்து வளையத்தின் உயரம் 305 சென்ரிமீற்றர். உலகின் மிக உயரமான வலைப்பந்து வீராங்கனை என்று சர்வதேச ஊடகங்கள் அவரைக் குறிப்பிட்டிருக்கின்றன. எமது ஊர்களில் அந்த அளவு உயரமுள்ள ஒரு பெண் பிள்ளை வீதியில் நடந்துபோவதே ஒரு போராட்டம் என்பது இதை வாசிக்கும் பெண்களுக்குத் தெரியும். அவர் அந்த உயரத்தையே தன் தொழிலாக்கினார்.

2009 இல் இலங்கை ஆசிய வலைப்பந்துச் சம்பியனானபோது அவர் அணியில் இருந்தார். 2011 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் சிற்றி வெஸ்ற் ஃபல்கன்ஸ் கழகத்துக்காக விளையாடப் போனார். இலங்கை வீராங்கனை ஒருவர் வெளிநாட்டுக் கழகத்தில் வலைப்பந்து ஆடுவது அப்போது கேள்விப்படாத விடயம். 2018 இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியத் தொடரின் இறுதியாட்டத்தில் இலங்கை 69–50 என்று சிங்கப்பூரை வென்றபோது அவருக்கு வயது 39. மறு வருடம் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் சிங்கப்பூரை 88–50 என்று வென்ற ஆட்டத்திலும் இலங்கையின் கோல்களில் மிகப் பெரும்பகுதி அவருடையது. அணி பட்டியலின் அடியில் நின்றாலும், அந்தத் தொடரிலேயே கூடிய கோல்கள் போட்டவர் அவர்தான். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமேக்கா போன்ற நாடுகளின் முழுநேர வீராங்கனைகளுக்கு மேலாக அவர் பெயர் நின்றது.

அதே 2009, அதே வந்தாறுமூலை

இந்த இடத்தில் எம்மில் பலருக்குத் தொண்டை அடைக்கும். 2009 என்பது எமக்கு ஆசியக் கிண்ணத்தின் ஆண்டு அல்ல, முள்ளிவாய்க்காலின் ஆண்டு. வந்தாறுமூலை வளாகம் என்றாலும் எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டமளிப்பு விழா அல்ல. 1990 செப்ரெம்பர் 5 ஆம் திகதி அங்கு அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

ஆகவே தேசியச் சீருடையில் ஒரு தமிழ்ப் பெயர் வந்தவுடன் இரண்டு விதமான பேச்சு எழும். கொழும்பு அதை நல்லிணக்கத்தின் சான்றாகக் காட்டும்: பாருங்கள், எல்லோரும் ஒன்றாக ஆடுகிறார்கள், இனி என்ன பிரச்சினை? எமது பக்கத்தில் சிலர் அதையே வேறு சான்றாகக் காட்டுவார்கள்: இந்தச் சீருடையை அணிந்தவர் எமது வலியை மறந்தவர். 2020 இல் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி விலகிய நாட்களில் இந்த இரண்டு பேச்சும் எவ்வளவு உரத்து ஒலித்தன என்பது நினைவிருக்கும்.

முரளிதரன் அரசியல் பேசியவர். அவர் பேசியதற்கு எதிர்ப்பு வந்தது. அது பொது வாழ்வில் இருப்பவர் எதிர்கொள்ள வேண்டியது. ஆனால் பந்தை வளையத்துக்குள் போட்டதைத் தவிர வேறு எதையும் கோராத ஒரு பெண்ணையும் அதே கூண்டில் ஏற்றுவது நியாயமா? காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு அம்மாவிடம் இதைப்பற்றிப் பேசினேன். தர்ஜினிக்குக் கைதட்டுவதில் தனக்குத் தடையில்லை என்றார். அந்தக் கைதட்டலைக் காட்டித் தன் மகனின் கோவையை மூடாமல் இருந்தால் போதும் என்றார். எமது அரசியல் கட்டுரைகள் பலவற்றைவிட அந்தப் பதிலில் தெளிவு இருக்கிறது.

பெலாரஸின் பனிமைதானங்கள்

விளையாட்டும் அரசும் இப்படிப் பின்னிக்கிடப்பது எமக்கு மட்டும் உரிய கதை அல்ல. ரொறன்ரோவில் வாழும் எமது உறவுகளுக்கு மிகைல் கிரபோவ்ஸ்கி என்ற பெயர் நினைவிருக்கலாம். 2008 முதல் 2013 வரை மேப்பிள் லீவ்ஸ் அணியில் ஆடிய ஐஸ் ஹொக்கி வீரர். அவர் பெலாரஸ் நாட்டவர்.

1994 முதல் அந்த நாட்டை ஆளும் அலெக்சாண்டர் லுகாஷென்கோவுக்கு ஐஸ் ஹொக்கி என்றால் உயிர். தானே சப்பாத்து மாட்டி ஆடுவார். தலைநகர் மின்ஸ்கில் 15,000 பேர் இருக்கக்கூடிய அரங்கு எழுந்தது. 2014 இல் உலகச் சம்பியன் தொடரும் அங்கே நடந்தது. நாட்டின் ஒலிம்பிக் குழுவுக்கும் 2021 வரை அவரே தலைவர். மைதானம், கழகம், சம்பளம், தெரிவு எல்லாம் ஒரே கைக்குள்.

2020 தேர்தலுக்குப் பிறகு மக்கள் வீதிக்கு வந்தபோது இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் தெரிந்தது. எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்ட விளையாட்டு வீரர்கள் பலர் வேலையையும் அணியிலிருந்த இடத்தையும் இழந்தார்கள். கூடைப்பந்து வீராங்கனை யெலேனா லெவ்சென்கா 15 நாட்கள் சிறையில் இருந்தார். 2021 ஜனவரியில் உலக ஐஸ் ஹொக்கிச் சம்மேளனம் மின்ஸ்கில் நடக்கவிருந்த உலகத் தொடரை அங்கிருந்து எடுத்துவிட்டது. உக்ரேன் போருக்குப் பிறகு 2022 இல் தேசிய அணியே தடை செய்யப்பட்டது.

ஆனால் வட அமெரிக்கக் கழகங்களில் ஆடும் பெலாரஸ் வீரர்களின் தொழில் நிற்கவில்லை. யெகோர் ஷரங்கோவிச் போன்றவர்கள் தொடர்ந்து ஆடுகிறார்கள். அவர்களுடைய சம்பளத்தைத் தருவது லுகாஷென்கோ அல்ல. நாட்டுக்குள் அரசின் சம்பளத்தில் இருந்தவருக்கு ஒரு கையெழுத்தே வேலையைப் பறித்தது.

சோறு யார் கையில்?

இப்போது எமது நிலைமைக்கு வருவோம். இலங்கையில் பாடசாலையை விட்ட பிறகு துடுப்பாட்டம் தவிர்ந்த விளையாட்டொன்றைத் தொடர விரும்பும் ஒருவருக்கு இருக்கும் வழிகள் மிகச் சில. முதலாவது, இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ். தேசிய அணிகளில் ஆடும் கணிசமானோர் படைகளில் தொழில் பெற்றவர்கள். மாதச் சம்பளம், பயிற்சி, உணவு, ஓய்வூதியம் எல்லாம் அங்கே கிடைக்கும். இரண்டாவது, கொழும்பின் வங்கிகளும் நிறுவனங்களும் நடத்தும் அணிகள்.

களுதாவளைப் பிள்ளைக்கு முதற்கதவு எப்படித் திறக்கும்? தகப்பனையோ மாமனையோ படையினர் கொண்டுபோன வீட்டிலிருந்து ஒரு பெண், வலைப்பந்து ஆடுவதற்காகப் படையில் சேர வேண்டும் என்று எந்தப் பயிற்றுநர் சொல்வார்? இரண்டாவது கதவு 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. அறை வாடகை, மொழி, தனியே இருக்கும் பெண் பிள்ளை பற்றிய வீட்டுப் பயம் எல்லாம் அதற்கு முன்னால் நிற்கின்றன. சட்டத்தில் எந்தத் தடையும் எழுதப்படவில்லை. ஆனாலும் வழி அடைபட்டே கிடக்கிறது.

துடுப்பாட்டத்தில் நிலைமை சற்று வேறு. யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் அறிமுகமாகி, 2024 மே மாதம் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காக ஐ.பி.எல். வரை போனார். தனியார் பணம் அந்த வழியைத் திறந்தது. ஆனாலும் அந்த லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 4 தடவை சம்பியனானபோதும் ஒரு ஆட்டமும் யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. வலைப்பந்துக்கோ, நிந்தவூர் இளைஞர்கள் தேசிய அணிவரை கொண்டுபோன கபடிக்கோ அந்த அளவு பணமும் இல்லை.

தர்ஜினி இந்தச் சுவரைத் தாண்டினார் என்பது உண்மை. எப்படித் தாண்டினார்? யாரும் பார்க்காமல் விட முடியாத உயரம் அவருக்கு இருந்தது. ஐந்தரை அடிப் பிள்ளைகள் அதே திறமையோடு எத்தனை பேர் சாதாரண தரத்தோடு நின்றார்கள் என்பதற்கு எம்மிடம் கணக்கே இல்லை. ஆயிரத்தில் ஒருவருக்குத் திறந்த கதவைக் காட்டி எல்லோருக்கும் வழி இருக்கிறது என்று அரசு சொல்கிறது. நாமும் அந்த ஒருவரைக் கொண்டாடுவதா திட்டுவதா என்று சண்டை பிடித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

எம்மால் முடிந்தவை

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இலும் வடக்கின் காலம் 2018 இலும் முடிந்தன. அதன் பிறகு தேர்தல் இல்லை. மாகாண விளையாட்டுத் திணைக்களங்கள் ஆளுநர்களின் கீழ் இயங்குகின்றன. எந்தப் பிள்ளைக்கு எந்த ஊரில் பயிற்சி என்று தீர்மானிக்கும் இடத்தில் நாம் தெரிவுசெய்தவர் எவரும் இல்லை. மாகாணத் தேர்தலைக் கேட்கும்போது இதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அரசுக்காகக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைகளுக்கு நுழைவாயிலும் மேடையும் கட்டித் தருகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒரு பயிற்றுநரின் மாதச் சம்பளமாக ஐந்து வருடம் கொடுத்தால் அதன் பலன் வேறு. வடக்குக் கிழக்கில் தொழில் நடத்தும் தமிழ் வர்த்தகர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆளுக்கு ஏழு வீராங்கனைகளுக்கு வேலை கொடுத்தால் ஒரு அணி உருவாகும். வலைப்பந்து அணிக்கு ஏழு பேர்தான். நாலு அணி இருந்தால் மட்டக்களப்பில் ஒரு மாவட்ட லீக் நடத்தலாம். எழுவான்கரைக்கு இரண்டு, படுவான்கரைக்கு இரண்டு.

அப்படி ஒரு லீக்கில் சம்பளம் வாங்கும் பெண், நாளை தேசிய அணிக்குத் தெரிவானால் போகலாம். மனம் ஒப்பாவிட்டால் போகாமலும் விடலாம். எதைச் செய்தாலும் அவள் வீட்டு அடுப்பு எரியும். அந்தச் சுதந்திரம் இல்லாதவரை, ஏன் அந்தச் சீருடையைப் போட்டாய் என்று கேட்கும் உரிமையும் எமக்கு இல்லை. அவளைக் காட்டி நல்லிணக்கம் பேசும் தகுதி அரசுக்கும் இல்லை.

போன கிழமை மைதானத்துக்குப் போனபோது யாரோ மீன்பிடி வலைத் துண்டொன்றை வெட்டி வளையத்தில் கட்டியிருந்தார்கள். பந்து விழுந்தால் இப்போது தெரிகிறது. அந்த உயரமான பிள்ளை இன்னும் வருகிறாள். டிசெம்பர்வரை வருவேன் என்கிறாள்.