ட்வீட்டர் போனால் பெட்டியையே தூக்கி எறிவதா?



எலான் மஸ்க் வாங்கிய ட்விட்டரைப் பற்றி அல்ல இந்தப் பதிவு. ஸ்பீக்கர் பெட்டியில் மேலே சின்னதாக இருக்குமே, அந்த ட்வீட்டர். ஜால்ராவும், பாடுகிறவரின் 'ஸ'கரமும் பளிச்சென்று கேட்பது அதனால்தான். அது போய்விட்டால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

போன மாதம் என் தங்கை மகன் இப்படி ஒரு பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனான். "ஸ்பேர் வராது சார், புது செட் வாங்கிடுங்க" என்றார்களாம். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இவனும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். பி.இ. படித்தவன்! என் கோபம் கடைக்காரர் மேல் பாதி, இவன் மேல் பாதி. இதைப் படிப்பான், படிக்கட்டும்.

ஆறாம் வகுப்பில் டார்ச் செல், பல்பு, ஒயர் வைத்துத் திறந்த சுற்று, மூடிய சுற்று என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே தேவைப்படுவதும் அந்தப் பாடம்தான். ட்வீட்டருக்குள் இருப்பது தலைமுடி போன்ற கம்பிச்சுருள், ஒரு மெல்லிய சவ்வு, ஒரு காந்தம். ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையையும் தொடுங்கள். 8 ஓம் ட்வீட்டர் நன்றாக இருந்தால் 6, 7 என்று காட்டும். எண்ணே வராவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. (கழற்றும் முன் எந்த ஒயர் எந்த முனை என்று ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.)

எண் சரியாக வந்தால் ட்வீட்டர் நிரபராதி. சால்டர் விட்டிருக்கலாம், அல்லது அதற்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் போயிருக்கலாம். பேஸ் சத்தம் ட்வீட்டருக்குப் போகாமல் தடுக்கும் காவல்காரன் அது. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல் வோல்ட், நான்-போலார் வகை என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் நேராக இணைத்தால் நல்ல ட்வீட்டரும் கருகும்.

சுருளே அறுந்திருந்தாலும் பல ட்வீட்டர்களில் சவ்வும் சுருளும் சேர்ந்த பாகம் தனியாகக் கிடைக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி, காந்த இடுக்கிலுள்ள தூசியை ஒட்டும் டேப்பால் எடுத்துவிட்டு மாற்றலாம். ஒட்டி மூடிய வகை என்றால் அதே ஓம், அதே அளவு ட்வீட்டரை ரிச்சி தெருவில் தேடுங்கள். ஆனால் உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிற, கரண்டில் ஓடுகிற பெட்டி என்றால் விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். வீரம் வேண்டாம்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் சார்" என்பீர்கள். எது சுண்டைக்காய்? மரப்பெட்டி நன்றாக இருக்கிறது, வூஃபர் நன்றாக இருக்கிறது. எலுமிச்சம்பழம் அளவு பொருளுக்காக அத்தனையையும் குப்பையில் போடுவதுதான் சிக்கனமா? பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரிலேயே இணையதளம் திறந்துவிட்டது. உதிரிபாகம் எங்கே என்று கம்பெனியைக் கேட்க நமக்குத்தான் வாய் வரவில்லை.

இன்னொன்று. சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகிக் கத்தவிட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். அப்போது உண்டாகும் கூடுதல் உச்ச ஒலி ட்வீட்டருக்குப் போய்ச் சுருளைச் சுட்டுவிடும். கல்யாண வீட்டில் வால்யூம் குமிழைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மச்சான்மார்கள் கவனிக்க.

பரணில் ஊமைப் பெட்டி வைத்திருப்பவர்கள் ட்வீட்டரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மல்டிமீட்டர் என் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது.