கீழே எத்தனை பேர்?

சம்பந்தம் பேசப் போனாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, நம் பக்கத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "தம்பிக்குக் கீழே எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?" அவன் என்ன வேலை செய்கிறான், அதில் எவ்வளவு கெட்டிக்காரன் என்று யாரும் கேட்பதில்லை. தலையை எண்ணித்தான் மரியாதை. இந்தப் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

என் அக்கா மகன் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரன் என்பதால் அவனை மேனேஜர் ஆக்கினார்கள். கீழே முப்பது பேர். அன்றோடு புரோகிராம் எழுதுவது நின்றது. யாருக்கு லீவு, யாருக்கு எவ்வளவு இன்க்ரிமென்ட், இரண்டு பேர் சண்டைக்குப் பஞ்சாயத்து, நாள் முழுக்க மீட்டிங். ஆறு வருஷம் பார்த்துவிட்டு, "என்னை என் தொழிலுக்கே விடுங்கள்" என்று அவனே கேட்டு மாறிக்கொண்டான். சம்பளம் குறையவில்லை. யாருக்கும் பிடிபடாத சிக்கல் வந்தால் இப்போது அவனிடம்தான் வருகிறார்கள்.

அக்கா போனில் சொன்னது: "யாருகிட்டயும் சொல்லிராதடா. எறக்கி விட்டுட்டாங்கன்னு பேசுவாங்க." சொல்லாமலே பேசத்தான் செய்தார்கள். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இது இறக்கமா? கொடைரோட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஸ்டேஷனைப் பார்த்தால் போதும். இன்ஜின் ஓட்ட வருகிறவர் முதலில் உதவி டிரைவர். பிறகு கூட்ஸ், அப்புறம் பாசஞ்சர், கடைசியில் மெயில், எக்ஸ்பிரஸ். படிப்படியாக உயர்வுதான். பாண்டியன் எக்ஸ்பிரஸை ஓட்டி வருகிறவருக்குக் கீழே எத்தனை பேர்? பக்கத்தில் ஓர் உதவியாளர், அவ்வளவுதான். பின்னால் ஆயிரம் பேர் அவரை நம்பித் தூங்குகிறார்கள். அவரைச் சின்ன உத்தியோகக்காரர் என்று சொல்வீர்களா?

அரசாங்கத்துக்கும் இது தெரியும். நம் மாநிலத்தில் ஒரே பதவியில் 10 வருஷம் இருந்தால் தேர்வு நிலை, 20 வருஷம் இருந்தால் சிறப்பு நிலை. பதவி மாறாமலே சம்பளம் ஏற வழி செய்திருக்கிறார்கள். ஆக, பணத்துக்கு நாற்காலி தேவையில்லை. மரியாதைக்குத்தான் நாற்காலி கேட்கிறோம். தலைமையாசிரியர் பதவி வேண்டாம், வகுப்பே போதும் என்று எழுதிக் கொடுத்த கணக்கு வாத்தியார்களை நாம் எப்படிப் பேசினோம்? "பொறுப்புக்குப் பயந்தவர்" என்றோம். அவரிடம் கணக்குப் படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை.

சர் சி.வி. ராமனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. 1917-ல் அந்த உத்தியோகத்தை விட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். 1930-ல் நோபல் பரிசு. பிறகு 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநர். 1937-ல் நெருக்கடி வந்து அந்தப் பதவியை விட வேண்டியதாயிற்று, அவர் விரும்பி விடவில்லை. ஆனால் அவமானம் என்று ஊரைவிட்டுப் போகவில்லை. தான் தலைவராக இருந்த அதே இடத்தில் 1948 வரை பேராசிரியராகவே இருந்து ஆராய்ச்சி செய்தார்.

நம் காலத்திலேயே, ஸோஹோ ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்புக்குப் போனார். "அவர் முதலாளி, எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதலாளிதான்" என்பீர்கள். நியாயமான பேச்சு. அதனால்தான் சொல்கிறேன், அவருக்கு நம் மரியாதை தேவையில்லை. மாதச் சம்பளத்துக்கு இருக்கும் என் அக்கா மகனுக்குத்தான் தேவை.

நிர்வாகம் மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆளை அரவணைத்து வேலை வாங்குவதும் ஒரு தொழில். அது கைவந்தவர்கள் செய்யட்டும். கைவராதவனை, வேறொன்றில் கெட்டிக்காரன் என்பதற்காக அங்கே உட்கார வைத்தால் இரட்டை நஷ்டம். நல்ல தொழிலாளி போய்விடுவான், மோசமான அதிகாரி வந்து சேர்வான். அவனுக்குக் கீழே இருக்கும் முப்பது பேருக்கும் நிம்மதி போகும். முப்பது வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டிய நமக்கு இது தெரியாதா? அப்படிப்பட்ட அதிகாரிகளிடம் நாம் பட்டது கொஞ்சமா?

பென்ஷன் வாங்கும் நாம்தான் இந்தக் கேள்வியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். அடுத்த முறை லீவுக்கு வருகிற பையனையோ பெண்ணையோ பார்த்தால், "என்ன வேலைப்பா செய்யுறே, எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். தொழில் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.