முட்டைக் கணக்கு மட்டும் போதுமா?



வீட்டில் ஆறேழு கோழி வளர்க்க விரும்புவோருக்கு அண்மைக் காலமாக ஓர் அறிவுரை தவறாமல் கிடைக்கின்றது. "நாட்டுக்கோழி வேண்டா, அது ஆண்டுக்கு நூறு முட்டைகூட இடாது. கலப்பின முட்டைக்கோழியை வாங்குங்கள்" என்பதே அது. இதனை நான் வன்மையாக மறுக்கின்றேன்.

கணக்கில் பொய்யில்லை. கலப்பின முட்டைக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டை இடும். ரோட் ஐலண்ட் ரெட் 200க்கு மேல் இடும். நாட்டுக்கோழியோ பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு அமர்ந்துவிடும். இதையா குறை என்பது? 21 நாளில் குஞ்சு பொரித்து, பருந்தை விரட்டி, மண்ணைக் கிளறித் தின்னவும் பழக்கிவிடும் தாயல்லவா அது! கலப்பினத்திலோ அடைகாக்கும் இயல்பு பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டது. இரண்டாண்டு கழிந்து முட்டை குறைந்தால் மீண்டும் கடைக்குத்தான் ஓட வேண்டும்.

நானும் ஓடியவன்தான். சுங்கைப் பட்டாணியில் ஆறு கலப்பினக் கோழிகள் வாங்கினேன். முதலாண்டு முட்டைக்குக் குறைவில்லை. ஆனால், கோழி ஒன்றுக்கு நாளும் 110 கிராம் அளவில் மூட்டைத் தீனி வேண்டும். அதை நிறுத்தி நொய்யும் தவிடும் இட்டேன், முட்டை நின்றது. அத்தீனிக்குரிய சோளமும் சோயாவும் கடல் கடந்து வருபவை. தீனி விலையேற்றத்தால் கோழிக்குத் தட்டுப்பாடு நேர்ந்து, 2022 ஜூன் முதல் நாள் தொடங்கி ஏற்றுமதியையே அரசு நிறுத்தியதை அதற்குள் மறந்துவிட்டோமா? 2025 ஆகஸ்டு முதல் முட்டைக்கான உதவித்தொகையும் இல்லை.

பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என் பாட்டி, பெரட்டுக்குப் போகுமுன் கூட்டைத் திறந்து ஒரு கைப்பிடி நொய் தூவுவார். மீதியைக் கோழிகளே லயத்தைச் சுற்றித் தேடிக்கொள்ளும். காட்டுச்சேவல் கலந்து பிறந்தவை மரத்திலேறி உறங்கும், நாய்க்கு அகப்படா.

நாட்டுக்கோழிப் பற்றாளரையும் விடுவதற்கில்லை. "அதற்கு நோயே வராது" என்பது வெறும் பேச்சு. வெள்ளைக்கழிச்சல் வந்து பாட்டியின் கூடு இருமுறை வெறுமையானது. வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீனியிலேயே கலந்து கம்பத்துக் கோழிகளுக்கு ஊட்டும் முறையை, 1980களில் இந்நாட்டு வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியருடன் சேர்ந்து ஆய்ந்தனர். நம் மண்ணிலேயே இவ்வளவு நடந்திருக்க, தடுப்பு மருந்தே வேண்டா என்பது என்ன அறிவு?

சந்தையில் செந்நிற இறகோடு 'கம்போங் கோழி' எனப்படுவனவற்றுள் பல, விரைந்து வளரும் வண்ணக் கலப்பினங்களே. "அடைக்கு உட்காருமா?" என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் வாங்காதீர்கள்.

சேவல் கூவினாலே அண்டை வீட்டார் முறையிடும் தாமான் வரிசை வீட்டில் இரண்டு கலப்பினப் பெட்டைகள் தகும்; ஒப்புகின்றேன். கொல்லை உள்ளவர்க்கு அந்தச் சாக்கு இல்லை. என்னிடம் இப்பொழுது நான்கு நாட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் உள்ளன. கறுப்புப் பெட்டை ஒன்பது முட்டையோடு அடையில் இருக்கின்றது.