சினம் தணிய ஒரு செவி

மாலைச் செபம் முடிந்து, குடும்பத்தார் சிலுவை அடையாளம் வரைந்து எழுகின்றனர். ஐந்து நிமிடம் கழியுமுன் தந்தையின் குரல் உயர்கின்றது. மகனின் மதிப்பெண்ணே காரணம். தட்டு ஒன்று சுவரில் மோதிச் சிதறுகின்றது. மகன் அறைக்குள் சென்று தாழிடுகின்றான். தாய் வாய் திறவாமல் சோற்றைக் கூட்டி அள்ளுகின்றாள். ஞாயிறன்று மூவரும் ஒன்றாகவே திருப்பலி காண வருகின்றனர். அண்டை வீட்டாரும் அறியார். பங்குத் தந்தையும் அறியார். இத்தகைய வீடு நம் பங்கில் இல்லையென்று நம்மில் யார் துணிந்து கூற இயலும்?

சினம் எழுவது மட்டுமே பாவமாகிவிடாது. தந்தையின் இல்லத்தைச் சந்தையாக்கியோரை நம் ஆண்டவரே சினந்து துரத்தினார். எனினும், பொழுது சாயுமுன் சினத்தைக் களைந்துவிடுமாறு புனித சின்னப்பர் எபேசியருக்கு அறிவுறுத்துகின்றார். பிள்ளைகளுக்கு எரிச்சலூட்ட வேண்டாமென்று தந்தையரையும் அதே திருமுகத்தில் எச்சரிக்கின்றார். இவற்றையெல்லாம் நாம் அறிவோம். அறிந்தும் தவறுகின்றோம். இங்கேதான் பிறர் உதவி தேவைப்படுகின்றது.

குடும்ப ஆலோசகரை நாடுவதென்றால், முன்னர் நகருக்குப் பயணம் செய்ய வேண்டும். யாரேனும் பார்த்துவிடுவரோ என்று அஞ்சவும் வேண்டும். இன்றோ கைப்பேசியின் திரை வழியாகவே அவ்வுதவியைப் பெற முடிகின்றது. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் இம்முறை பெரிதும் பரவியது. கணவர் வளைகுடா நாட்டிலும் மனைவி ஊரிலுமாக வாழும் நம் குடும்பங்களுக்கு இது பெரிய வாய்ப்பு. இருவரும் இருந்த இடத்திலிருந்தே ஒரே ஆலோசகரின் முன் அமரலாம்.

அங்கு நடப்பது விசாரணையன்று. யார் குற்றவாளி எனத் தீர்ப்பளிப்பது ஆலோசகரின் வேலையுமன்று. சினம் வெடிக்குமுன் உடல் என்ன கூறியது என்று அவர் வினவுவார். நெஞ்சு படபடத்ததா? கை இறுகியதா? அந்த அடையாளம் தோன்றியவுடன், "அரைமணி நேரத்தில் வந்து பேசுகிறேன்" என்று சொல்லி விலகவும், சொன்னபடியே திரும்பி வரவும் பழக்குவார். கணவர் பேசும்போது மனைவி குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். பின்னர் மனைவி பேச, கணவர் அவ்வாறே செய்ய வேண்டும். எளியதாய்த் தோன்றும் இப்பயிற்சியில் பலர் முதன்முறையாக ஒருவரையொருவர் செவிமடுக்கின்றனர்.

"பாவசங்கீர்த்தனம் போதாதா?" எனச் சிலர் கேட்கலாம். அருட்சாதனம் மன்னிப்பையும் வரப்பிரசாதத்தையும் அளிக்கின்றது. ஆலோசனையோ நாட்பட்ட பழக்கத்தை மாற்றும் வழியைக் கற்பிக்கின்றது. கால் முறிந்தவன் செபமும் செய்கின்றான், மருத்துவரிடமும் செல்கின்றான். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

சில எச்சரிக்கைகளும் உண்டு. விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் செலுத்தலாகாது. ஆலோசகரின் படிப்பு, பதிவு, கட்டணம், இரகசியம் காக்கும் முறை ஆகியவற்றை முன்னரே கேட்டறிதல் வேண்டும். பேசும்போது பிள்ளைகளின் காதில் விழாத தனியிடம் வேண்டும். அடி உதை நிகழும் வீட்டிலோ, தம்பதியர் ஒன்றாக அமர்ந்து ஆலோசனை பெறுவது முதற்படியாக இருக்க முடியாது. அஞ்சி வாழ்பவர் அடிப்பவரின் முன் உண்மையைச் சொல்ல மாட்டார். சொன்னால் அன்றிரவே அதற்கு விலை கொடுக்க நேரிடும். அங்கே முதல் தேவை பாதுகாப்பு. பெண்கள் 181 என்ற எண்ணையும், சிறுவர் 1098 என்ற எண்ணையும் அழைக்கலாம். மனநல உதவிக்கென அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசிச் சேவை, தமிழிலும் இரவு பகலாகக் கிடைக்கின்றது.

தந்தையரே, தாழிட்ட அக்கதவை நினைத்துப் பாருங்கள். அதன் முன் நின்று, "மகனே, தட்டை வீசியது என் தவறு" என்று சொல்வதால் உங்கள் மதிப்புக் குறைந்துவிடாது. கதவு அன்றே திறவாமற் போகலாம். ஆயினும் உள்ளே இருப்பவன் அச்சொல்லைக் கேட்டிருப்பான். தனியே அதைச் சொல்லத் துணிவு வரவில்லையெனில், துணைக்கு ஒருவரை நாடுவது இழிவன்று. நாசரேத்துத் திருக்குடும்பம் நம் இல்லங்களுக்காக மன்றாடுவதாக!